கார் ஸ்டீரியோவை மாற்றும் முன்பு வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

கொள்முதலுக்கும் வசூலுக்கும் காரில் போய்வரும் வணிகர்கள் நம்மிடையே பெருகிவிட்டார்கள். விடியற்காலை மார்க்கெட்டுக்குப் போகும்போதும், இரவு கடையைப் பூட்டிவிட்டு வீடு திரும்பும்போதும் காரில் பாட்டு கேட்பதுதான் பலருக்கு அன்றாடம் கிடைக்கும் ஒரே ஓய்வு. ஆகவே காரோடு கம்பெனி கொடுத்த ஸ்டீரியோ சரியாகப் பாடவில்லை, நல்லதாக ஒன்று மாட்டவேண்டும் என்ற எண்ணம் வருவது இயல்பே. ஆனால் பல்லாயிரம் ரூபாய் போட்டு மாற்றிய பிறகும் ஒலி தேறவில்லை என்று குறைப்படுவோர் உண்டு. அத்துடன் நின்றால் பரவாயில்லை. இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்கிவிடுகிறது, மழையில் கதவு வழியாகத் தண்ணீர் உள்ளே வருகிறது, வயரை வெட்டியிருக்கிறீர்கள் என்று சொல்லி சர்வீஸ் நிலையத்தில் வாரண்டியை மறுத்துவிட்டார்கள் என்று புதுப்புதுத் தொல்லைகள் முளைக்கின்றன.

பெரும்பாலும் இதற்குக் காரணம், எதை முதலில் மாற்றவேண்டும், எதை மாற்றவே வேண்டியதில்லை என்று தெரியாமல் கடைக்காரர் எடுத்துக் காட்டியதை வாங்குவதுதான். கண்ணுக்குத் தெரியும் திரையை முதலில் மாற்றுகிறோம். காதுக்குக் கேட்கும் ஸ்பீக்கரையும் அது உட்கார்ந்திருக்கும் கதவையும் கடைசியில் நினைக்கிறோம். நேர்மாறாகச் செய்தால் பாதிச் செலவில் நல்ல பலன் கிடைக்கும். அதன் விவரங்களைப் பார்ப்போம்.

கம்பெனி செட் ஏன் சுமாராகப் பாடுகிறது?

ஒரு காலத்தில் கார்கள் ரேடியோ இல்லாமல்தான் வந்தன. அமெரிக்காவில் பால் கால்வின் என்பவர் 1930-ல் கார் ரேடியோ ஒன்றைத் தயாரித்து, தம் காரிலேயே பொருத்திக்கொண்டு அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ உற்பத்தியாளர்கள் மாநாட்டுக்குப் போனார். அங்கே கடை போட அவருக்கு இடம் கிடையாது. மாநாட்டு வாசலில் காரை நிறுத்தி ரேடியோவைச் சத்தமாக வைத்தார். ஆர்டர்கள் வந்தன. அந்தப் பொருளுக்கு அவர் வைத்த பெயர்தான் மோட்டரோலா. அவருக்குக் கடன் தர வேண்டியிருந்த வங்கிக்காரரின் காரில் இந்த ரேடியோவைப் பொருத்திக் கொடுத்ததும், அரை மணி நேரத்தில் அந்தக் கார் தீப்பிடித்துக்கொண்டது என்றும் ஒரு கதை வழங்கி வருகிறது. கதை உண்மையோ பொய்யோ, வயர் வேலை சரியில்லாத செட் காரையே விழுங்கும் என்பது இன்றைக்கும் பொருந்தும். அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

இப்போது ஸ்டீரியோ காருக்குள்ளேயே அமைந்து வருகிறது. ஆனால் கார் கம்பெனிக்கு அது பல நூறு உதிரிப் பொருள்களில் ஒன்று. ஒரு ஸ்பீக்கரில் சில ரூபாய் மிச்சம் பிடித்தாலும் லட்சக்கணக்கான கார்களில் அது பெரிய தொகை. ஆகவே காகிதக் கூம்பும் சிறிய காந்தமும் கொண்ட எடை குறைந்த ஸ்பீக்கர்களைப் போடுகிறார்கள். விலை குறைந்த மாடலில் இரண்டு ஸ்பீக்கர், அடுத்த மாடலில் நான்கு, உயர்ந்த மாடலில் அதோடு இரண்டு ட்வீட்டர் என்று வகை பிரித்து விற்கிறார்கள். சில கார்களின் அடிப்படை மாடலில் ஸ்டீரியோவே இருக்காது. கதவு வரை வயர் மட்டும் இழுத்து விட்டிருப்பார்கள். வாங்கும்போதே டீலரிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் பின்னால் புது வயர் இழுக்கும் கூலி மிச்சமாகும்.

இன்னொன்றும் உண்டு. அந்தச் சிறு ஸ்பீக்கர் கிழிந்துவிடாமல் இருக்க, சத்தம் கூடக் கூட அடிநாதத்தை, அதாவது பேஸ் ஒலியை, தானாகவே குறைக்கும்படி பல கம்பெனி செட்டுகளை அமைத்திருக்கிறார்கள். மெல்ல வைத்தால் நன்றாக இருக்கிறது, சத்தமாக வைத்தால் தகரம்போல் இருக்கிறது என்று நம்மவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாட் என்னும் மொத்த எடை

ஸ்டீரியோ கடையில் முதல் பேச்சே வாட்தான். ‘இது 4 சேனல், சேனலுக்கு 50 வாட்’ என்பார்கள். இதை நம் பாஷையில் சொன்னால் எளிதாகப் புரியும். சாக்கோடு நிறுத்தால் மொத்த எடை. சாக்கைக் கழித்தால் நிகர எடை. பெட்டியின் மேல் அச்சடித்த 50 வாட் என்பது மொத்த எடை. ஆர்.எம்.எஸ். என்று விவரக் குறிப்பில் சிறிய எழுத்தில் இருப்பதுதான் நிகர எடை.

இந்த 50 எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். என்ஜின் ஓடும்போது காரில் இருக்கும் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். கார் ஸ்பீக்கரின் தடை வழக்கமாக 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 51.84 வருகிறது. செட்டை அதன் சக்திக்கு மீறி முடுக்கி, ஒலியலையின் தலையையும் காலையும் வெட்டிச் சதுரமாக்கினால்தான் இந்த அளவு கிடைக்கும். அப்போது காதில் விழுவது பாட்டல்ல, கரகரப்பு. ஒழுங்கான ஒலியலைக்குக் கணக்குப்படி இதில் பாதிதான், அதாவது 26 வாட்தான் உச்சம். செட்டுக்குள் ஏற்படும் சேதாரம் போகச் சுமார் 20 வாட் நிற்கும். கம்பெனி செட்டானாலும் வெளியில் வாங்கும் செட்டானாலும், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து நேராக ஓடும்வரை இதுதான் கதை. ஆகவே ‘50 வாட்’ கம்பெனி செட்டைக் கழற்றிவிட்டு ‘55 வாட்’ செட் வாங்கினேன் என்பதில் பொருளே இல்லை. இரண்டும் 20 வாட்தான்.

தொண்ணூறுகளில் டேப் ரிக்கார்டர் வாங்கியவர்களுக்கு பி.எம்.பி.ஓ. என்ற சொல் மறந்திருக்காது. கையில் தூக்கிப் போகும் செட்டில் 1000 வாட் பி.எம்.பி.ஓ. என்று ஒட்டியிருப்பார்கள். அந்தப் பழக்கம் கார் ஆம்ப்ளிஃபையர்களில் இன்னும் சாகவில்லை. அமெரிக்க மின்னணுப் பொருள் தொழில் அமைப்பு 2003-ல் சி.இ.ஏ.-2006 என்று ஓர் அளவுமுறை வகுத்தது. இன்று அது சி.டி.ஏ.-2006 எனப்படுகிறது. 14.4 வோல்ட், 4 ஓம், சிதைவு 1 சதவீதத்துக்கு மேற்படக் கூடாது என்ற நிலையில் அளந்த வாட்டைத்தான் போடவேண்டும் என்பது அதன் சாரம். பெட்டியில் இந்தக் குறிப்பு இருந்தால் அந்த வாட்டை நம்பலாம். நாம் விற்கும் பொட்டலத்தில் நிகர எடை போடாவிட்டால் அபராதம் கட்டுகிறோம். ஸ்டீரியோ பெட்டியில் மட்டும் வாய்க்கு வந்த வாட்டைப் போட்டு விற்கிறார்கள். கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வாடிக்கையாளர் வாட்டைக் கேட்கும்வரை அவர் வாட்டைத்தான் காட்டுவார்.

வாட்டை இரட்டிப்பாக்கினாலும் சத்தம் இரட்டிப்பாகாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சக்தி இரண்டு மடங்கானால் ஒலி 3 டெசிபல் கூடும். காதுக்கு அது ஓரளவு கூடியதாகத் தெரியும், அவ்வளவே. சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் சுமார் பத்து மடங்கு சக்தி தேவை. ஸ்பீக்கர் பெட்டியில் சென்சிடிவிட்டி என்று ஓர் எண் இருக்கும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் கேட்கும் என்பதே அது. 87 என்று போட்ட ஸ்பீக்கருக்குப் பதில் 90 என்று போட்டதை மாட்டினால், ஆம்ப்ளிஃபையரின் வாட்டை இரட்டித்ததற்குச் சமம், கூடுதல் கரண்டு இல்லாமலே. செட்டை மாற்றாமல் ஸ்பீக்கரை மட்டும் மாற்ற நினைப்பவர்கள் பார்க்க வேண்டிய எண் இதுதான்.

முதல் செலவு முன்கதவுக்கு

ஓட்டுபவரும் பக்கத்தில் இருப்பவரும் கேட்பது முன்கதவு ஸ்பீக்கரை. ஆகவே முதல் பணம் அங்கேதான் போக வேண்டும். பின்னால் பெரிய நீள்வட்ட ஸ்பீக்கர்களை வைத்து முன்னால் பழையதையே விட்டுவைத்தால், பாட்டு முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கச்சேரி கேட்பதுபோல் இருக்கும் அது. நம் ஊரில் பலர் இதைத்தான் செய்கிறார்கள்.

பல மாருதி கார்களின் முன்கதவில் 6.5 அங்குல ஸ்பீக்கர் பொருந்தும். மற்றக் கார்களில் அளவு மாறும். பழைய சிறு கார்களில் 4 அங்குலமும் உண்டு. ட்வீட்டர் ஒன்றாகவே சேர்ந்து வரும் கோஆக்சியல் வகை விலை குறைவு, பொருத்துவது எளிது. ட்வீட்டர் தனியாக வரும் காம்பொனென்ட் வகையில் ட்வீட்டரைக் காது மட்டத்துக்கு அருகில் கண்ணாடி ஓரத்தில் வைக்கலாம்; பாடகரின் குரல் காலடியிலிருந்து வராமல் எதிரிலிருந்து வரும். கம்பெனியே ட்வீட்டருக்கு இடம் விட்டிருந்தால் காம்பொனென்ட் வாங்குங்கள். இல்லையென்றால் கோஆக்சியலே போதும் என்பது என் கருத்து. ஒன்று மட்டும் முக்கியம். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார்களில் முன்கண்ணாடித் தூணுக்குள் ஏர்பேக் மடங்கி இருக்கும். அந்தத் தூணில் துளை போடவோ எதையும் ஒட்டவோ விடாதீர்கள். மஞ்சள் நிறக் கப்ளர் எங்கே தென்பட்டாலும் அது பெரும்பாலும் ஏர்பேக்குக்கு உரியது, தொடவே கூடாது.

ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருந்தால்தான் பாடும். காரில் அந்தப் பெட்டி கதவுதான். கூம்பு முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் ஒன்றோடொன்று கலந்தால் அடிநாதம் கழிந்து போய்விடும். கதவின் உட்தகட்டில் பெரிய பெரிய ஓட்டைகள் இருப்பதால் இந்தக் கலப்பு நடக்கிறது. தகடும் சேர்ந்து அதிர்கிறது. ஆகவே ஸ்பீக்கர் மாற்றும்போதே தகட்டின்மேல் ரப்பர் போன்ற பியூட்டைல் ஷீட் ஒட்டி, ஓட்டைகளையும் மூடச் சொல்லுங்கள். ஸ்பீக்கரை நேராகத் தகட்டில் திருகாமல் கெட்டியான வளையம் வைத்துப் பொருத்த வேண்டும். இந்த வேலைக்கு ஆகும் செலவைப் பலர் வீண் என்று நினைக்கிறார்கள். உண்மையில் சாதாரண ஸ்பீக்கரும் அடைத்த கதவும், விலை உயர்ந்த ஸ்பீக்கரும் ஓட்டைக் கதவும் என்று இரண்டையும் வைத்துக் கேட்டால் முதலாவதுதான் ஜெயிக்கும்.

ஆனால் ஷீட் ஒட்டும்போது இரண்டு விஷயத்தில் கண் வேண்டும். கண்ணாடி ஓரமாக இறங்கும் மழைத்தண்ணீர் கதவுக்குள்ளேதான் ஓடி, அடியில் உள்ள சிறு துளைகள் வழியாக வெளியேறுகிறது. அந்தத் துளைகளை அடைத்துவிட்டால் தண்ணீர் தேங்கிக் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். அதேபோல் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைச் சில மெக்கானிக்குகள் கிழித்து எறிந்துவிடுவார்கள். தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பதே அந்தத் தாள்தான். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கால்மிதி நனைவதற்கும், கார் முழுக்க முடை நாற்றம் அடிப்பதற்கும் இதுதான் காரணம். வேலை முடிந்ததும் கண்ணாடியை முழுதும் இறக்கிப் பாருங்கள். காந்தம் பெரிதாக இருந்தால் கண்ணாடி அதில் இடிக்கும்.

ஸ்பீக்கர் வயரைத் தலைகீழாக மாட்டிவிட்டால் ஒரு விசித்திரம் நடக்கும். ஒரு கூம்பு வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும், அடிநாதம் மறைந்துவிடும். ‘புது ஸ்பீக்கர் பழையதைவிட மோசம்’ என்று சொல்கிறவர்களில் பலருக்கு நடந்தது இதுவே. சோதிப்பது சுலபம். சத்தத்தை ஒரு பக்கத்துக்கு மட்டும் ஒதுக்கும் பாலன்ஸை வலக்கோடியில் வைத்துக் கேளுங்கள். பிறகு நடுவில் வையுங்கள். நடுவில் வைத்தபோது அடிநாதம் கூடுவதற்குப் பதில் குறைந்தால் வயர் தலைகீழ். மெக்கானிக்கிடம் ஒரு பென்சில் செல்லைக் கொடுத்தும் சோதிக்கலாம். செல்லின் பிளஸ் முனையை ஸ்பீக்கரின் பிளஸ் முனையில் ஒரு கணம் தொட்டால் கூம்பு வெளிப்பக்கம் நகர வேண்டும்.

வயரிலும் கலப்படம்

மேலே சொன்னதைச் செய்தாலே பெரும்பாலோருக்குத் திருப்தி ஏற்பட்டுவிடும். நெடுஞ்சாலையில் கண்ணாடியை இறக்கிக்கொண்டும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் ஆம்ப்ளிஃபையர் வேண்டும். ஆம்ப்ளிஃபையர் தன்னுள்ளேயே மின்னழுத்தத்தை உயர்த்திக்கொள்வதால் மேலே சொன்ன 20 வாட் வரம்பு அதற்கு இல்லை. கம்பெனி செட்டைக் கழற்றாமல், அதன் ஸ்பீக்கர் வயரிலிருந்தே ஒலியை வாங்கிக்கொள்ளும் ஆம்ப்ளிஃபையர்கள் கிடைக்கின்றன. டி வகுப்பு ஆம்ப்ளிஃபையர் வாங்குங்கள். வாங்கும் கரண்டில் 80 சதவீதத்துக்கு மேல் ஒலியாக்கும். பழைய ஏ-பி வகுப்பு ஏறக்குறைய பாதியை வெப்பமாக வீணாக்கும்.

ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து தனி வயரில் வர வேண்டும். ஆபத்து இருப்பது இங்கேதான். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து 45 செ.மீ. தூரத்துக்குள் ஃபியூஸ் இருந்தே தீர வேண்டும். ஆம்ப்ளிஃபையரில் ஃபியூஸ் இருக்கிறதே என்று மெக்கானிக் சொல்வார். ஆம்ப்ளிஃபையரில் உள்ள ஃபியூஸ் ஆம்ப்ளிஃபையரைத்தான் காக்கும். பேட்டரிக்கும் அதற்கும் இடையே மூன்று நான்கு மீட்டர் வயர், தகரத்தின் துளை வழியாகவும் சீட்டின் அடியிலும் போகிறது. அது எங்காவது தேய்ந்து பாடியில் பட்டால் பேட்டரியின் முழுச் சக்தியும் அங்கே இறங்கும். வயர் பழுத்துப் பற்றிக்கொள்ளும். அதைத் தடுப்பது பேட்டரி அருகில் இருக்கும் ஃபியூஸ் மட்டுமே. ஃபியூஸின் அளவை வயரைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். 8 கேஜ் செம்பு வயருக்கு 50 ஆம்பியர், 4 கேஜுக்கு 100 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். தகரத் துளையில் ரப்பர் வளையம் போட்டிருக்கிறார்களா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

கலப்படம் என்றால் நமக்குப் புதிதல்ல. மிளகில் பப்பாளி விதையைக் கண்டுபிடிக்கிறவர்கள் நாம். வயரிலும் அது உண்டு. அலுமினியக் கம்பியின்மேல் மெல்லிய செம்பு முலாம் பூசி, செம்பு நிறத்திலேயே விற்கிறார்கள். சி.சி.ஏ. என்று ஓரத்தில் போட்டிருக்கும், போடாமலும் இருக்கும். அலுமினியத்துக்குச் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் மின்தடை உண்டு. அதே கனத்தில் செம்பு தாங்கும் கரண்டை அது தாங்காது, சூடேறும். ஓர் இழையை எடுத்துக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். கையில் எடுத்தாலே கனம் இல்லாதது தெரிந்துவிடும். விலை குறைவாகக் கிடைக்கும் ‘ஆம்ப்ளிஃபையர் வயரிங் கிட்’ பலவும் இந்த ரகம்தான். இதையே வாங்கத்தான் வேண்டுமென்றால் ஓர் அளவு தடித்ததாக வாங்கி, ஃபியூஸைக் குறைத்துப் போடுங்கள். செம்பு என்று சொல்லிச் செம்பு விலைக்கே இதைக் கொடுப்பதுதான் மன்னிக்க முடியாதது.

மைனஸ் வயரை அரை மீட்டருக்குள் பாடியில் பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டு இறுக்க வேண்டும். ஒலி வயரை ஒரு பக்கமும் மின் வயரை மறுபக்கமும் கொண்டுபோனால், என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ‘ஙொய்’ சத்தம் பெரும்பாலும் வராது.

திரையை மாற்றலாமா?

முன்பெல்லாம் செட்டை மாற்றுவது சுலபம். 180-க்கு 50 மில்லிமீட்டர் என்ற சிங்கிள் டின் அளவும், அதன் இரட்டிப்பு உயரமான டபுள் டின் அளவும் உலகப் பொது அளவுகள். எந்த செட்டும் எந்தக் காரிலும் நுழைந்தது. இன்றைய கார்களில் திரை டேஷ்போர்டோடு சேர்த்து வார்த்ததுபோல் வருகிறது. ஸ்டீயரிங்கில் உள்ள பட்டன், ரிவர்ஸ் கேமரா, சில கார்களில் பார்க்கிங் எச்சரிக்கை ஒலிகூட அதன் வழியாகத்தான் வேலை செய்கிறது. அதைக் கழற்றினால் இவற்றில் சில நின்றுபோகும். கம்பெனி செட்டில் புளூடூத்தும் யு.எஸ்.பி.யும் இருந்தால் அதை விட்டுவைப்பதே நல்லது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வரிசையாகத் தொங்கும் பெரிய ஆண்ட்ராய்டு திரைகள் கண்ணைக் கவரும். ஆனால் ஒலியில் அவை தரும் வித்தியாசம், முன்கதவு ஸ்பீக்கர் தரும் வித்தியாசத்தில் கால்வாசிகூட இருக்காது. காரில் செட்டே இல்லை, அல்லது பழைய சி.டி. செட்தான் இருக்கிறது என்றால் மாற்றுவது வேறு விஷயம்.

மாற்றுவதானால் உங்கள் காருக்கென்றே உள்ள கப்ளரை வாங்கி அதன் வழியாகத்தான் இணைக்க வேண்டும். கம்பெனி வயரை வெட்டி டேப் சுற்றுவது கூடாது. கப்ளரின் விலை மொத்தச் செலவில் சிறு பகுதிதான். அதைத் தவிர்த்து வயரை வெட்டினால் அந்த மின்சுற்றில் பின்னால் எந்தக் கோளாறு வந்தாலும், நீங்கள் வெட்டியதால்தான் வந்தது என்று டீலர் கைகழுவ வழி ஏற்படுகிறது.

பேட்டரி இறங்குவது ஏன்?

வெளியில் வாங்கும் செட்டுகளில் மஞ்சள் வயர் நிரந்தர மின்சாரத்துக்கு, நேரத்தையும் ஸ்டேஷனையும் நினைவில் வைக்க. சிவப்பு வயர் சாவியைத் திருப்பினால் மட்டும் வரும் மின்சாரத்துக்கு. கருப்பு மைனஸ். அவசரத்தில் சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து முறுக்கி ஒரே இடத்தில் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் சாவியை எடுத்த பிறகும் செட் முழுதாக உறங்காது. ஆம்ப்ளிஃபையரை எழுப்பும் நீலம்-வெள்ளை வயரைத் தவறான இடத்தில் கொடுத்தாலும் இதே கதிதான்.

கணக்கு இதோ. சிறிய பெட்ரோல் கார்களில் 35 ஆம்பியர்-மணி பேட்டரி பரவலாக இருக்கிறது. செட் அரை ஆம்பியர் திருடினால் 70 மணி நேரத்தில் புது பேட்டரியும் காலி. வெள்ளிக்கிழமை இரவு நிறுத்திய கார் திங்கட்கிழமை விடியற்காலை நாலு மணிக்குக் கோயம்பேட்டுக்குக் கிளம்பாது. பேட்டரி இரண்டு வருடம் பழையதென்றால் ஒரே நாளில் இறங்கிவிடும். பலர் பேட்டரியைக் குறை சொல்லிப் புதிது மாற்றுகிறார்கள், அதுவும் இறங்குகிறது. வேலை முடிந்ததும் ஆட்டோ எலக்ட்ரீஷியனை விட்டு, பேட்டரி மைனஸ் வயரில் மீட்டரைத் தொடராக வைத்து, காரைப் பூட்டி அரை மணி கழித்து அளக்கச் சொல்லுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை.

டாடா ஏஸ் போன்ற சிறு சரக்கு வண்டிகளில் வேறு சிக்கல். சரக்கு ஏற்றி இறக்கும் நேரமெல்லாம் என்ஜினை நிறுத்திவிட்டு டிரைவர் பாட்டு வைத்திருப்பார். மூன்று ஆம்பியர் வீதம் மூன்று மணி நேரம் ஓடினால் 9 ஆம்பியர்-மணி போய்விடுகிறது. குறுந்தூர ஓட்டத்தில் அது முழுதாகத் திரும்ப ஏறுவதில்லை. இத்தகைய வண்டிக்குச் சிறிய செட்டும் இரண்டு ஸ்பீக்கரும் போதும், ஆம்ப்ளிஃபையர் வேண்டாம். லாரி வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். லாரியில் இருப்பது 24 வோல்ட். அதில் 12 வோல்ட் கார் செட்டை நேராக மாட்டினால் எரிந்துவிடும். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பது வழக்கமாக இருக்கிறது. அந்த ஒரு பேட்டரி குறைவாகவும் மற்றது அளவுக்கு மீறியும் சார்ஜ் ஆகி, இரண்டும் சீக்கிரம் கெடும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வாங்கிப் போடுவதே முறை.

மின்சாரக் கார் வாங்கியிருப்பவர்களுக்கும் ஒரு சொல். அதிலும் ஸ்டீரியோவுக்குத் தனியாக ஒரு சிறு 12 வோல்ட் பேட்டரிதான். அது இறங்கினால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கார் விழிக்காது. ஆரஞ்சு நிற வயர் ஓடும் இடத்தில் ஸ்டீரியோ மெக்கானிக் கை வைக்கவே கூடாது; அது உயிரை வாங்கும் மின்னழுத்தம். அந்தக் கார்களில் ஸ்பீக்கரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பில்லும் இன்சூரன்சும்

கையெழுத்துச் சீட்டில் வாங்காமல் முறையான பில் கேளுங்கள். வாரண்டிக்கு மட்டுமல்ல, இன்சூரன்சுக்கும் அது தேவை. கார் கம்பெனி பொருத்தித் தராமல் நாம் பொருத்திய மின்சாதனங்கள் காரின் காப்பீட்டு மதிப்பில் சேராது. அவற்றின் மதிப்பைத் தனியே தெரிவித்துக் கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால்தான் திருட்டு, விபத்து, தீ எதுவானாலும் அவற்றுக்குப் பணம் கிடைக்கும். 2002-ம் வருட இந்திய மோட்டார் கட்டணப் பட்டியல் இதற்கு மதிப்பில் 4 சதவீதம் என்று வைத்திருந்தது. அந்தக் கணக்கில் ரூ.20,000 செட்டுக்கு ரூ.800. இன்றைய விகிதத்தை உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கேட்டு, பாலிசியைப் புதுப்பிக்கும்போதே சேர்த்துவிடுங்கள்.

ஓட்டுநர் உட்பட 13 பேருக்கு மேற்படாத பயணியர் வாகனத்துக்கு ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரி வரவு பொதுவாகக் கிடையாது. சரக்கு வண்டிக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே எந்த வண்டிக்கு வாங்கியது என்பது பில்லில் தெரியும்படி வண்டி எண்ணை எழுதி வாங்கி, கடைக் கணக்கில் ஏற்றும் முன் உங்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கழற்றிய கம்பெனி செட்டையும் ஸ்பீக்கர்களையும் கடைக்காரர் எக்ஸ்சேஞ்சில் சில நூறு ரூபாய்க்குக் கேட்பார். கொடுத்துவிடாதீர்கள். திருகாணிகளோடு ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் வையுங்கள். காரை விற்கும் நாளில் புது ஸ்பீக்கரைக் கழற்றி அடுத்த காருக்கு எடுத்துக்கொண்டு, பழையதை மாட்டிக் கொடுத்துவிடலாம்.